கோவிந்தராஜன் இருக்கிறாரா?

நான் டெலிபோன் ஆபரேட்டராக டிரங்க் போர்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சமயம். 1981 என்று நினைவு. ராத்திரி டியூட்டி. ஒருத்தர் பெங்களூருக்கு பி.பி. கால் புக் பண்ணினார். அது என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சாதாரண டிரங்க் காலில், அதாவது ஆபரேட்டர் வழியாகப் போகும் வெளியூர்க் காலில், எதிர்முனையில் யார் எடுத்தாலும் காசு ஓட ஆரம்பித்துவிடும். பி.பி. காலில் நாம் பெயர் சொன்ன அதே ஆள் வந்து பேசினால்தான் முழுக் கட்டணம். ஆள் இல்லை என்றால் சின்னதாக ஒரு தொகை, அவ்வளவுதான்.

டிக்கெட்டில் பெயரை எழுதிக்கொண்டேன். கோவிந்தராஜன். முக்கால் மணி நேரம் கழித்து பெங்களூர்ப் பெண் லைனைப் பிடித்துக் கொடுத்தாள். "டிரங்க் கால். கோவிந்தராஜன் இருக்கிறாரா?" என்றேன். எடுத்த அம்மாள் ஒரு நிமிஷம் மூச்சே விடவில்லை. "கோவிந்தராஜனா? சரியாப் பாத்துச் சொல்லும்மா, கோவிந்தராஜன்தானா?" நான் டிக்கெட்டைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரலில், "அவர் இல்லைம்மா, வெளியே போயிருக்கார்" என்றாள். அவள் பின்னால் ஒரு வீடே கூச்சல் போட்டது.

ஆள் இல்லை என்றதற்கு இவ்வளவு சந்தோஷமா? பக்கத்து சீட்டில் இருந்த சீனியர் அக்காவிடம் கேட்டேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "ஆம்பளப் புள்ள பொறந்திருக்குடி. பொண்ணாயிருந்தா கோமதி இருக்காளான்னு கேட்டிருப்பான்" என்றார்.

அப்படி ஒரு ஆளே கிடையாது. அது கடவுச்சொல். அதை உரக்க, திருத்தமாக, இரண்டு தடவை சொன்னவள் நான். அர்த்தம் தெரியாதவளும் நான் ஒருத்திதான். துறைக்கு நஷ்டம் என்று மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கிறேன், அதனால் இங்கே சொல்கிறேன்.

இருபத்து மூன்று வருஷம் கழித்து இந்தக் கோவிந்தராஜன் வேறு வேஷத்தில் வந்தார். 2004இல் பெரியவன் டெக்சஸில் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு தேய்த்துப் பேசுவான். ஒரு வாரம், "அம்மா, உன் வேலைய இங்க ஒரு மிஷின் பாக்குதும்மா" என்றான். அவனுடைய ரூம்மேட் ஓர் ஆந்திரப் பையன், கம்ப்யூட்டர் கேம் பைத்தியம். ஒரு நாள் இவனையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில், காசு போட்டுப் பேசும் பொது போன் முன்னால் நிறுத்திவிட்டானாம். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். சொன்ன நிமிஷத்தில் அந்த போன் மணி அடித்தது. பையன் எடுத்தான். ஒரு பெண் குரல் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. இவன் ஒரு வார்த்தை சொன்னான். உடனே நாடகத்தில் நடுவே ஒரு துண்டை வெட்டியெடுத்த மாதிரி யாரோ இருவர் பேசிக்கொள்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் லைன் போய்விட்டது.

"யாருடா அது?"

"ஆபரேட்டராம். அதோட பேரே ஆபரேட்டர்தான்."

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு எனக்கு. ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில், கொலுப் பொம்மை சேர்ப்பது மாதிரி இந்த விளையாட்டுகளின் கதையைச் சேர்த்து வருகிறேன். ஆல்டர்நேட் ரியாலிட்டி கேம் என்று பெயர். கதை ஒரே இடத்தில் இருக்காது. இணையதளம், போஸ்டர், மின்னஞ்சல், போன், சில நேரம் ரத்தமும் சதையுமாக ஒரு நடிகர் என்று சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பூட்டு. சங்கேதத்தை உடைத்தால் கடவுச்சொல், கடவுச்சொல்லைப் போட்டால் அடுத்த துண்டு.

இந்த ஜாதியில் முதலில் பேர் வாங்கியது 2001இல் வந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஏ.ஐ.' படத்துக்கு விளம்பரமாக மைக்ரோசாஃப்ட்டில் ஒரு சின்னக் குழு செய்தது. ஜோர்டன் வைஸ்மன், ஈலன் லீ, கதை எழுத ஷான் ஸ்டூவர்ட். செய்ய வேண்டிய சாமான்களின் பட்டியல் ஒரு கட்டத்தில் 666 என்று வந்து நின்றதாம். பைபிளில் அது மிருகத்தின் எண். அதனால் தங்களுக்குள் அதற்கு 'தி பீஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வெளியே பெயரே கிடையாது. விளையாட்டு ஒன்று இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை.

நுழைவாசல் எங்கே இருந்தது தெரியுமா? பட விளம்பரத்தில் பெயர்கள் ஓடுமே, யாரும் படிக்காத பொடி எழுத்து, அதில் ஜெனீன் சாலா என்று ஒரு பெயர். பக்கத்தில் அவர் வேலை: உணர்வுள்ள இயந்திரங்களுக்கு மனநல சிகிச்சை. அப்படி ஒரு வேலை எந்த ஊரில் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு அந்தப் பெயரை இணையத்தில் தேடியவர்களுக்குக் கதவு திறந்தது. உள்ளே 2142ஆம் வருஷம். இவான் சான் என்று ஒருவர் செத்துப்போயிருக்கிறார். இன்னொரு வாசலும் உண்டு. போஸ்டரின் பின்பக்கம் சில எழுத்துகளைக் குறியிட்டிருந்தார்கள். கூட்டிப் படித்தால், இவான் சான் கொலை செய்யப்பட்டார், ஜெனீன்தான் திறவுகோல் என்று வரும்.

என்னை எழுந்து உட்கார வைத்தது மூன்றாவது வாசல். விளம்பரத்தில் படம் வெளிவரும் காலத்தைச் சொல்லும் எழுத்துகளின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். எழுத்துக்கு எழுத்து வெட்டுகளை எண்ணினால் ஒரு டெலிபோன் நம்பர். புதிர்ப் பிரியர்களுக்கு இது புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கும். எனக்குப் பழைய சிநேகிதியைப் பார்த்தது போல இருந்தது. டயல் சுற்றும் போனில் 3 சுற்றினால் லைன் மூன்று தடவை வெட்டுப்பட்டு ஒட்டும். 7 என்றால் ஏழு வெட்டு. எக்ஸ்சேஞ்சில் ரிலே அதை எண்ணிக்கொள்ளும். சத்தம் அடங்கிய ராத்திரியில் அந்த டக்டக்கைக் கேட்டே நம்பர் சொல்லும் டெக்னீஷியன் ஒருவர் எங்களிடம் இருந்தார். வெட்டை எண்ணி நம்பர் பிடிப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

மூன்று மாதத்துக்குக் காணும் என்று கட்டிவைத்த புதிர்கள் முதல் நாளிலேயே தீர்ந்துபோயின என்று செய்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். குழுவுக்குத் தூக்கம் போனது. வாராவாரம் புதிது புதிதாகச் சமைத்துப் போட வேண்டியதாயிற்று. காரணம், ஒருத்தன் ராத்திரி தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வான் என்று அவர்கள் போட்ட கணக்கு. வந்தது ஒருத்தன் இல்லை. அந்த வருஷம் ஏப்ரலில் கிளவுட்மேக்கர்ஸ் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. ஏழாயிரத்துக்கு மேல் ஆள். கிளவுட்மேக்கர் என்பது கதையில் இவான் சான் செத்த படகின் பெயர். ஏழாயிரம் பேரில் ஒருவருக்கு லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தின் சுரக்குறிப்பு படிக்கத் தெரிந்திருக்கும். இன்னொருவருக்கு மோர்ஸ். வேறொருவருக்கு இரண்டாம் உலகப் போரின் எனிக்மா இயந்திரத்து மறைமொழி. ஜெர்மன் தெரிந்தவர், ஜப்பானியம் தெரிந்தவர்.

கன்னடமும் வந்தது. ஆடியவர்கள் அதை 'யாரும் அறியாத ஒரு மொழி' என்கிற தோரணையில் குறித்து வைத்திருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கோடிக்கணக்கான பேர் பேசுகிற மொழி ஐயா அது! தமிழச்சிதான் நான், ஆனால் பெங்களூர் லைனில் இருந்து 'ஹேளி'யும் 'யாரு பேக்கு'வும் கற்றவள். யார் வேண்டும் என்று கேட்க மூன்று நான்கு மொழி வைத்திருந்தோம் நாங்கள். அமெரிக்கப் புதிர்க்காரர்களுக்கு மறைமொழியாக இருந்தது எனக்கு ராத்திரி டியூட்டித் தோழியின் அரட்டை. மறைவு என்பதே எந்த முனையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான் போலும்.

அந்த ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் சுதந்திர தேவி சிலையின் காவலாளி ஒருவருக்கு போன் போட்டு, பேசிப் பேசியே அவரை வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. எடுத்தவர் நடிகர். எழுதிக் கொடுத்த வசனத்தோடு முடியாது, கூப்பிடுகிறவர் என்ன பேசுவார் என்று தெரியாதே. இங்கே கடவுச்சொல் கிடையாது, பேச்சுத்தான். எங்கள் போர்டிலும் இப்படித்தான். வரிசையை முந்தும் லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு கட்டணம் கட்ட வசதியில்லாத ஆள், அழாமல், கெஞ்சாமல், சரியான ஒரு வாக்கியம் சொல்லி என் மனசை இளக்கி லைனை முன்னால் வாங்கிக்கொண்டு போனதுண்டு.

அதே 2001 ஜூலையில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'மெஜஸ்டிக்' என்று ஒன்றை, சந்தா கட்டி விளையாடும்படி, வெளியிட்டது. இதில் போன் உங்கள் வீட்டுக்கே வரும். நடுராத்திரியில் ஒரு குரல் மிரட்டும், ஃபேக்ஸ் வரும். அந்த செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி தொடங்கியும் தேறவில்லை, அடுத்த வருஷம் மூடிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஒவ்வொருத்தனையும் தனித்தனியாகப் பயமுறுத்துகிற போன் எனக்குப் பிடிக்காது.

ஆனால் அந்த செப்டம்பரில் கிளவுட்மேக்கர்ஸ் கூட்டத்தில் நடந்தது ஒன்று உண்டு. அவர்களுடைய பீஸ்ட் ஆட்டம் ஜூலையிலேயே முடிந்திருந்தது. சிலர், நாம்தான் எதையும் அவிழ்ப்போமே, இந்தத் தாக்குதலையும் துப்புத் துலக்கலாம் வாருங்கள் என்று ஆரம்பித்தார்கள். நடத்துகிறவர்கள் தடுத்தார்கள். இது புதிர் இல்லை, இதற்குப் பின்னால் புதிர் போட்டவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. 'இது விளையாட்டு அல்ல' என்பதே அந்த ஆட்டத்தின் கோஷமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படித் துப்புத் துலக்கக் கிளம்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கோவிந்தராஜன் விஷயம் தெரிந்த பிறகு எனக்கு எல்லா பி.பி. காலும் சங்கேதமாகவே பட்டது. பெயரைக் கேட்டதும் இது கல்யாணமா, பரீட்சை ரிசல்ட்டா என்று மனசு கணக்குப் போடும். ஒரு ராத்திரி ஒருவர் தம்பி பெயர் சொல்லி ஒரு மில்லுக்கு பி.பி. புக் பண்ணினார். லைன் கிடைக்க இரண்டு மணி நேரம். வாட்ச்மேன் எடுத்து, "அவர் இல்லீங்களே" என்றார். நான் எனக்குள் சிரித்துக்கொண்டு, "ஆள் இல்லை சார்" என்று வயரை உருவிவிட்டேன். எப்போது வருவார், வேறு யாரிடமாவது பேசுகிறீர்களா என்று கேட்க வேண்டும், அதுதான் முறை. கேட்கவில்லை. அந்த மனுஷர் திரும்பவும் புக் பண்ணினார், இந்தத் தடவை யார் எடுத்தாலும் சரி என்று. லைன் கொடுத்தேன். "அம்மா போயிட்டாங்கன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க" என்றார் வாட்ச்மேனிடம். கட்டணத்துக்கு உரிய மூன்று நிமிஷத்தில் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் யாருடைய பெயரையும் ஊகித்ததில்லை.

இனி என் மகன் சொன்ன அந்த ஆபரேட்டர் வரும் தேனீக் கதைக்கு வருகிறேன்.

2004 ஜூலையில் 'ஹேலோ 2' என்ற விளையாட்டின் விளம்பரம் சினிமாக் கொட்டகைகளில் ஓடியது. கடைசியில் காட்டிய இணைய முகவரி ஒரு கணம் நடுங்கி 'ஐ லவ் பீஸ்' என்று மாறி மறைந்தது. 'எனக்குத் தேனீக்களைப் பிடிக்கும்' என்று அர்த்தம். அதே சமயம் பழைய புதிர்க்கார ஆட்கள் சிலர் வீட்டுக்குத் தபாலில் தேன் பாட்டில் வந்தது, உள்ளே எழுத்துகள் மிதக்க. முகவரிக்குப் போனால் மார்கரெட் என்ற பெண்மணியின் தேன் வியாபாரப் பக்கம். அதைக் கவனித்துக்கொள்ளும் டேனா என்ற மருமகள் முறைப் பெண், பக்கம் கெட்டுப்போய்விட்டது, உதவுங்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். கெட்டதற்குக் காரணம், 2552ஆம் வருஷத்திலிருந்து வந்து விழுந்த ஒரு விண்கப்பலின் செயற்கை மூளை. பெயர் மெலிசா. கிரேக்கத்தில் மெலிசா என்றால் தேனீ. மூளை துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. அதில் ஒரு துண்டுக்குப் பெயர்தான் ஆபரேட்டர். செய்தது 42 என்டர்டெய்ன்மென்ட், பீஸ்ட் செய்த ஈலன் லீயும் ஷான் ஸ்டூவர்ட்டும் இங்கேயும் இருந்தார்கள்.

ஆகஸ்டில் அந்தப் பக்கத்தில் 210 ஜோடி எண்கள் முளைத்தன. அட்சரேகை, தீர்க்கரேகை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நேரம். தேதி ஆகஸ்ட் 24. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. எண்ணை எழுத்தாக்கிப் பார்த்தார்கள், வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் சிலர் அந்த இடங்களுக்கு நேரிலேயே போனார்கள். ஒன்றில் கடை வாசல், ஒன்றில் பெட்ரோல் பங்க். போன இடத்திலெல்லாம் பொதுவாக இருந்தது ஒரு பொது போன்.

இங்கே ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நம் ஊரில் அப்போது மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரும் காலை அவர் எடுப்பார், "நாலாவது வீட்டு மாமிக்கு போன்" என்று பையனை ஓடவிடுவார். விசிட்டிங் கார்டில் நம்பருக்குப் பின்னால் பி.பி. என்று போட்டு அடுத்த வீட்டு நம்பரைக் கொடுத்தவர்கள் நாம். அமெரிக்கப் பொது போனுக்குக் காவல் கிடையாது. தெருவில் அநாதையாக நிற்கும். ஆனால் அதற்கும் ஒரு நம்பர் இருந்தது, பலவற்றை வெளியிலிருந்து கூப்பிட்டால் அடிக்கும். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட அந்த நாளில் அது அடித்தால் யார் எடுப்பார்கள்? அந்த ஒரு கேள்வியின் மேல்தான் மொத்த ஆட்டத்தையும் கட்டியிருந்தார்கள்.

எடுத்தார்கள். பதிவு செய்த குரல் கேள்வி கேட்டது. கதையைத் தொடர்ந்து படித்தவர்களுக்குத்தான் பதில் தெரியும். சரியாகச் சொன்னால் ஓர் ஒலிநாடகத்தின் சின்னத் துண்டு அவிழும், பிறகு எல்லோருக்கும் பொதுவாக இணையத்துக்கு வந்துவிடும்.  வாரக்கணக்கில் இப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்து மணிக்கணக்கில் ஓடும் ரேடியோ நாடகமாக ஆனது. டெக்சஸில் என் மகன் காதில் விழுந்ததும் அதில் ஒரு துளி. அதற்கு முன்னும் பின்னும் என்ன என்று அவன் இன்றுவரை கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன்.

ஃப்ளோரிடாவில் ஃபிரான்சஸ் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டக்காரர் பூத்தை விட்டு நகராமல் நின்று காலை எடுத்தார். படித்ததும் அவர் அம்மாவை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. கூடவே, புயல் ராத்திரியில் ஒவ்வொரு ஊராக லைன் செத்துக்கொண்டே வர, கடைசியாக உயிரோடு இருந்த ஒரே ஒரு சர்க்யூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் அக்காவின் ஞாபகமும் வந்தது.

பிறகு குரல் பதிவிலிருந்து இறங்கி வந்துவிட்டது. நடிகை ஒருவர் நிஜமாகவே லைனில் வந்து பேச ஆரம்பித்தார். இங்கேதான் என்னைப் பொறுத்தவரை இந்த நாற்பது வருஷச் சமாச்சாரம் ஒரு வட்டமாகச் சேர்கிறது. ஆபரேட்டர் ஒரு ஊரில் ஒருவரைப் பிடித்து அவரிடம் ஏதோ ஒரு சொந்த விவரத்தை வாங்கிக்கொள்வாள். அப்புறம் தேசத்தின் மறு கோடியில் வேறொரு பூத்தின் மணி அடிக்கும். எடுக்கிறவர் முன்பின் தெரியாத ஆள், ஆனால் அந்த விவரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் அப்போதைக்குக் கடவுச்சொல். முதலில் தாராளமாக நேரம் கொடுத்தாள். போகப் போக இடைவெளியைச் சுருக்கினாள், கடைசியில் விநாடிக் கணக்குக்கு வந்துவிட்டது. எந்த பூத் அடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் செல்போனைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஒரு காதில் கேட்டதை மறு காதுக்கு, அங்கிருந்து அடுத்த ஊருக்கு என்று கடத்தினார்கள்.

அதற்குப் பெயர் டிரங்க் எக்ஸ்சேஞ்ச். வேறென்ன? எங்கள் ஊரிலிருந்து தூரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊருக்குக் கால் என்றால் நான் மெட்ராஸைக் கூப்பிடுவேன், மெட்ராஸ் பம்பாயைக் கூப்பிடும், பம்பாய் அந்த ஊரைக் கூப்பிடும். லைன் இரைச்சலில் பெயர் கரைந்துவிடும். எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே என்று எழுத்தெழுத்தாகக் கத்துவோம். முகம் பார்க்காத மூன்று பெண்கள் ஒரு பெயரைச் சிந்தாமல் கை மாற்றி, கடைசியில் யாரோ ஒருத்தர் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைப்போம். அந்தப் பெயர் நிஜமா, கோவிந்தராஜனா என்பது எங்களுக்குத் தேவையில்லை. சிந்தாமல் போக வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகள் ஆயிரம் பேர் தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று தெரியாமலே எங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள், அதுவும் சம்பளம் இல்லாமல். நவம்பர் 9இல் 'ஹேலோ 2' கடைக்கு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அவர்களில் சிலரை நான்கு ஊர்களுக்கு அழைத்து முதலிலேயே விளையாட விட்டார்கள். கிடைத்த கூலி அதுதான்.

இதற்குப் பிறகு வந்தவற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடலாம். 2007இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற பாட்டுக் குழுவுக்கு இதே நிறுவனம் செய்த 'இயர் ஜீரோ'வில் பனியனில் அச்சடித்த ஊர்ப் பெயர்களில் சில எழுத்துகள் மட்டும் தடித்திருந்தன, கூட்டினால் ஓர் இணைய முகவரி. லிஸ்பனில் கச்சேரி நடந்த அரங்கின் கழிப்பறையில் யுஎஸ்பி குச்சியில் வெளிவராத பாட்டு கிடந்தது. சிலருக்கு செல்போன்களைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து, பிற்பாடு அதில் கூப்பிட்டு ரகசியக் கச்சேரிக்கு வரவழைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் செல்போன் அடித்தால் சொந்தக்காரன் எடுப்பான், அதில் என்ன இருக்கிறது?

2012 ஜனவரியில் சிக்காடா 3301 என்று ஒன்று தலைகாட்டியது. படத்துக்குள் ஒளித்த செய்தி, சீசர் மறைமொழி, போன் நம்பர், வார்சாவிலிருந்து சியோல் வரை கம்பங்களில் ஒட்டிய குறியீட்டுத் தாள். 2014இல் ரூன் எழுத்தில் ஒரு புத்தகமே போட்டார்கள், அதில் பெரும்பகுதி இன்னும் அவிழவில்லை. யார் செய்தது, விளையாட்டா வேறு எதுவுமா என்று தெரியாமலே முடிந்தது. கூடிப் பேசித் தீர்த்தவர்களைப் பார்த்து, எங்களுக்குச் சிறந்தவர்கள்தான் வேண்டும், பின்னால் வருகிறவர்கள் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் அதைத்தான் பிரமாதம் என்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். பூட்டு போடுவது சுலபம்.

என் மனசில் தங்கியது ஒரு சீட்டு. லண்டனில் மைண்ட் கேண்டி என்ற நிறுவனம் 2005இல் 'பெர்ப்ளெக்ஸ் சிட்டி' தொடங்கியது. காணாமல்போன ஒரு கனசதுரத்தைத் தேடுவதுதான் கதை. அது நிஜமாகவே நார்தாம்ப்டன்ஷைரில் ஒரு காட்டில் புதைந்திருந்தது. 2007 பிப்ரவரியில் ஒருவர் தோண்டி எடுத்து ஒரு லட்சம் பவுண்டு பரிசு வாங்கினார். ஆட்டத்துக்கான புதிர்கள் 256 சீட்டுகளில் விற்றன. அதில் ஒன்றில் புதிரே கிடையாது. ஒரு ஜப்பானியரின் புகைப்படம். 'என்னைக் கண்டுபிடி' என்று ஜப்பானிய மொழியில் ஒரு வரி. பிறகு கிடைத்த ஒரே துப்பு, அவர் பெயர் சடோஷி. உலகத்தில் யாரையும் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சில கைகளில் எட்டிவிடலாம் என்பார்களே, அதைச் சோதிக்கத்தான் அந்தச் சீட்டு.

படத்தில் பின்னால் தெரியும் வீடுகளை வைத்து, எடுத்த இடம் பிரான்சில் கைசர்ஸ்பெர்க் என்ற ஊர் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆள் மட்டும் கிடைக்கவில்லை. விளையாட்டு முடிந்துபோயிற்று, கம்பெனி வேறு வியாபாரத்துக்குப் போயிற்று, தேடியவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். நானும் எனக்கு ஜப்பானில் யாரைத் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். தங்கை மகளின் ஓரகத்தி ஒசாகாவில் இருக்கிறாள். கேட்டுப் பார்த்தேன். சிரித்தாள். "பெரியம்மா, நம்ம ஊர்ல குமார்ங்கற மாதிரி இங்க சடோஷி."

2020 டிசம்பரில் ஆள் கிடைத்தார். ஜெர்மனியில் ஒருவர், முகத்தை வைத்து முகத்தைத் தேடும் மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டார். வேறொரு இடத்தில் நாலு பேரோடு சடோஷி நிற்கும் படத்தை அது எடுத்துக் கொடுத்தது. எழுதிக் கேட்டார்கள். ஆமாம், நான்தான் என்று பதில் வந்தது.

எங்கள் டிக்கெட்டில் வரிசையாகக் கட்டங்கள் உண்டு. கூப்பிட்ட நம்பர், கேட்ட பெயர், எந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போனது, லைன் கிடைத்த நேரம். சடோஷிக்கு ஒரு டிக்கெட்டை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பி.பி. கால். ஆள் இருந்தார். நேரம், பதினான்கு வருஷத்துக்கு மேல். எல்லாக் கட்டமும் நிரம்பியது, வழி என்ற கட்டத்தைத் தவிர. அதில் நாங்கள் மெட்ராஸ், பம்பாய் என்று எழுதுவோம்.